ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை

(ஜவுளிக்கடை உரிமையாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கியிருக்கிற நேரம். இந்த நேரத்தில் உங்களை ஒரு மண்டபத்துக்கு வரவழைப்பதே பெரிய காரியம். அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன். அழைப்பிதழில் ‘பணியிட ஆரோக்கியம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் பெரும்பாலும் கால்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 31 வருடம் ஜவுளிக்கடையில் நின்றவன் நான். பீஸ் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்து, சேல்ஸ்மேன் ஆகி, கடைசி 12 வருடம் ஃப்ளோர் மேனேஜராக இருந்தேன்.

ஒரு முகூர்த்த சீசன். பட்டு செக்‌ஷனில் ஒரு பெண், வயது 24 இருக்கும். கல்யாண வீட்டார் பதினைந்து பேர் வந்து காலை 11 மணியிலிருந்து புடவை பார்த்தார்கள். எண்பது தொண்ணூறு புடவை பிரித்துக் காட்டியிருப்பாள். அவர்கள் பில் போடப் போனதும், மடித்து வைக்க வேண்டிய குவியலுக்குப் பக்கத்தில் ரேக்கின் கீழ்த்தட்டு விளிம்பில் உட்கார்ந்தாள். நான் தூரத்திலிருந்தே விரலைச் சொடுக்கினேன். சடக்கென்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான். கணுக்காலுக்கு மேலே பழைய துணியைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றியிருந்தது தெரிந்தது. “என்னம்மா இது?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லண்ணே, நரம்பு சுருட்டிக்கிச்சு. கட்டிக்கிட்டா நிக்க முடியுது” என்றாள். முதல் நாள் நான் விரல் சொடுக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கட்டுத்துணியை நான் இன்னும் மறக்கவில்லை.

நரம்பு என்று சொல்கிறோமே தவிர, சுருட்டிக்கொள்வது ரத்தக் குழாய். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து அதைத் தள்ளிவிடுகிறது. ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் குழாய்க்குள்ளே சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. ஒரே இடத்தில் நின்றால் சதைக்கு வேலை இல்லை. ரத்தம் கீழேயே தேங்குகிறது. நாளாக நாளாக வால்வு தளர்ந்து, குழாய் புடைத்து நெளிகிறது. முற்றினால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப் புண்ணாகும், லேசில் ஆறாது. நடக்கிறவருக்கும் உட்கார்ந்து எழுகிறவருக்கும் இந்தச் சுமை குறைவு. நாம் அந்த இரண்டையுமே தடுத்து வைத்திருக்கிறோம்.

உட்கார்ந்து விற்பது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தரையில் மெத்தை விரித்து, மேலே வெள்ளைத்துணி போட்டிருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு ஏறி உட்காருவார்கள். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை மடியிலிருந்து விசிறிப் போடுவார். கணக்குப்பிள்ளை சாய்வு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ‘நம்ம முன்னால உட்கார்றானே’ என்று அன்றைக்கு யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடிக் கவுண்டரும் மாடி மாடியாக ஷோரூமும் வந்த பிறகுதான் நிற்பது மரியாதை என்று ஆனது. இது நாம் பிறகு கொண்டுவந்த வழக்கம்தான். அதனால் நாமே மாற்றலாம்.

கேரளத்தில் இதற்காகப் பெண்கள் போராடினார்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டார். ‘இரிக்கல் சமரம்’ என்றே அதற்குப் பேர், உட்காருவதற்கான போராட்டம். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது.

சரி, ஸ்டூல் வந்தது. இப்போது எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் அதைத்தான் தேடிப் பார்க்கிறேன். பல கடைகளில் அதன்மேல் சட்டைத்துணி பண்டல் அடுக்கியிருக்கிறது. சில கடைகளில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகித் தூணுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். உட்காருங்களேன் என்றால் பிள்ளைகள் முதலில் கேமராவைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உட்கார்ந்தால் திட்டுவார்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் ஒருவர் விரல் சொடுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு சொடுக்கு புதிதாகச் சேருகிற பிள்ளை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவர் இதை மாற்றியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலையில் கடை திறந்து சாமி கும்பிட்டதும் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். எழுந்திரு என்று சொல்கிற அதிகாரம் எந்த சூப்பர்வைசருக்கும் கிடையாது. கேமரா பார்க்கிறவரிடமும் தனியாகச் சொன்னார். ஒரு வாரம் ஆகியும் ஒருவர் உட்காரவில்லை. எட்டாம் நாள் மதியம் 3 மணிக்கு, கடை காற்று வாங்குகிற நேரத்தில், அவரே காட்டன் செக்‌ஷனுக்கு வந்தார். இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அங்கே மூத்தவரான ஒரு அம்மாவிடம் “உட்காருங்கக்கா, எந்தக் கலர் ஓடுதுன்னு கேட்கணும்” என்றார். அவர் முதலில் நுனியில்தான் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கலர், பார்டர், விலை என்று பேசினார்கள். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மாதக் கடைசிக்குள் மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். வியாபாரம் குறைந்ததாக அந்த முதலாளி என்னிடம் சொன்னதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வராமல் விடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். கேன் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்பீர்கள். கழிப்பறை மொட்டை மாடியில் ஒன்றே ஒன்று இருக்கும்; போக வர கால் மணி நேரம், போகும்போது சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் ஆம்பளை. அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? தண்ணீரே குடிக்க மாட்டாள். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஒரு வாரம் லீவு. பெண்கள் வேலை செய்கிற ஒவ்வொரு மாடியிலும் ஒரு கழிப்பறை கட்டுங்கள், சொல்லாமல் போய்வர விடுங்கள். வாட்டர் பாட்டிலைக் கவுண்டரிலேயே வைத்துக்கொள்ளட்டும். வருடத்துக்கு ஒருமுறை பேனர் கட்டி மருத்துவ முகாம் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நம் கடைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. மெஸ்ஸில் இருபது நிமிடத்தில் சாப்பிட்டு ஓடி வருகிற பிள்ளைகளை நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். 1918-ல் சென்னையில் மில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது, சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் அவர்களுடைய முக்கியமான குறை. நூறு வருடம் கழித்தும் அதே குறைதான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வருகிற ஆபத்து 35 சதவீதம் அதிகம். காலை பத்துக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடுகிற கடையில் ஆறு நாள் நிற்கிற பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். சீசனில் கூட்டம் வரும், மறுக்கவில்லை. இரண்டு ஷிஃப்ட் போடுங்கள்.

உங்களுக்கும் இது பொருந்தும். கல்லாவை விட்டு எழாமல் மாலை நாலு மணிக்குச் சாப்பிடுகிற முதலாளிகள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேருக்குச் சர்க்கரை. முதலாளி சாப்பிடாமல் இருக்கும்போது மேனேஜர் எப்படி எழுந்து போவார்? மேனேஜர் போகாதபோது அந்தப் பிள்ளை எப்படிப் போவாள்? ஒன்றரை மணிக்கு நீங்கள் எழுந்து சாப்பிடப் போவதைக் கடை பார்க்கட்டும்.

தீபாவளிக் கூட்டம் தொடங்க இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது. ஸ்டூல் மேல் இருக்கிற பண்டல்களை இறக்கி வைக்க ஒரு மதியம் போதும். மூன்று மணிக்கு நீங்களே போய் ஒன்றை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி.