கடல் எந்தப் பக்கம்? ஜிபிஎஸ்ஸும் நம் திசையறிவும்

[திரை இருட்டாக இருக்கிறது. குரல் மட்டும்.]

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். இப்போது நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கடல் எந்தப் பக்கம்? யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டுங்கள். காட்டிவிட்டு, போனில் திசைகாட்டியைத் திறந்து சரிபாருங்கள்.

நான் வட சென்னையில், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்து கிரேன் தெரியும், காற்று திரும்பினால் காசிமேட்டு மீன் வாசனை வரும். அப்படி வளர்ந்த எனக்கே ஒருநாள் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை.

[காட்சி: ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகள்.]

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்க ஜார்ஜ் டவுன் போயிருந்தேன். தம்பு செட்டித் தெருவில் தெரிந்தவர் கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டு, போன் காட்டிய நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விட்டேன். நானூறு பத்திரிகை, இரண்டு கட்டு, நல்ல கனம். வெளியே வந்து போனை எடுத்தால் சார்ஜ் இல்லை, அணைந்துவிட்டது. சரி, வந்த வழிதானே என்று நடக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரம் நடந்த பிறகு பார்த்தால் தங்க சாலையில், பாத்திரக் கடைகளுக்கு நடுவில் நிற்கிறேன். போக வேண்டியது கிழக்கே, நான் மேற்கே நடந்திருக்கிறேன்.

அங்கே ஒரு மீன்பாடி வண்டிக்காரர், அறுபது வயது இருக்கும், சரக்கு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். அவர் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கடலு எந்தாண்ட கீதுன்னு தெரிதா தம்பி?” நான் முழித்தேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். “மணி நாலாவுது. வெயிலு முதுகுல பட்ற மாதிரி நட. பிராட்வே வரும், தாண்டு. அப்பாலயும் நட, தம்பு செட்டி குறுக்கால வரும். வுட்டுட்டாலும் பயப்படாத, பீச் ரோடு வந்து நிக்கும், அதுக்கு மேல கடலுதான், எங்க போயிடுவ?”

இந்தப் பதிலை நான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் எனக்கு வழி சொல்லவே இல்லை. ஊர் எப்படிப் படுத்திருக்கிறது என்று சொன்னார். கிழக்கே பீச் ரோடு, மேற்கே வால்டாக்ஸ் ரோடு, தெற்கே என்.எஸ்.சி. போஸ் ரோடு, வடக்கே பழைய ஜெயில் ரோடு. இந்த நாலு எல்லைக்குள் லிங்கி செட்டி, தம்பு செட்டி, பிராட்வே, கோவிந்தப்ப நாயக்கன், தங்க சாலை என்று பெரிய தெருக்கள் எல்லாம் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. இது தலைக்குள் இருந்தால் எந்தச் சந்தில் இறக்கிவிட்டாலும் வெளியே வந்துவிடலாம். என்னிடம் இருந்தது ஒரு கோடு. கோடு அணைந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

[காட்சி: மூளையின் படம். உள்ளே ஹிப்போகேம்பஸ் மட்டும் நிறம் மாறுகிறது.]

விலங்குகளும் மனிதர்களும் தலைக்குள் ஒரு வரைபடம் வைத்திருக்கிறோம் என்று உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948லேயே எழுதினார். எலிகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். 1971இல் ஜான் ஓகீஃப் என்ற ஆய்வாளர், எலியின் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் விசித்திரமான செல்களைக் கண்டார்: அறையில் எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் துடிக்கும், வேறு இடத்துக்கு வேறு செல். 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் ஆய்வுக்குழு, பக்கத்துப் பகுதியிலேயே, கட்டம் போட்ட தாள் மாதிரி தரையை அளந்துகொண்டு துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்தது. இந்த மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மூளை இந்த வரைபடத்தை மட்டுமே நம்பி நடப்பதில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது: மெடிக்கல் ஷாப் வந்தால் சோத்தாங்கை பக்கம், கோயில் வந்தால் பீச்சாங்கை பக்கம் என்று பழக்கத்தில் திரும்புவது. இதைக் கவனித்துக்கொள்வது காடேட் நியூக்ளியஸ் என்ற வேறு பகுதி. தினமும் போகும் ஆபீஸ் வழிக்கு இதுவே போதும், வேகமானதும்கூட. ஆனால் பாதையை அடைத்துவிட்டால் இது கைவிட்டுவிடும், ஏனென்றால் சுற்றிப்போவதற்கு ஊர் தெரிய வேண்டும்.

“இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்” என்று போன் சொல்லும்போது நடப்பது இதைவிடவும் எளிது. மெடிக்கல் ஷாப்பைக்கூட நாம் பார்க்க வேண்டியதில்லை.

[காட்சி: வானத்தில் செயற்கைக்கோள்கள். கீழே குறுகலான தெரு.]

ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து போன் தன் இடத்தைக் கணக்குப்போடும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியது, அதன் பிறகு தெருத்தெருவாக வழி காட்டுவது எளிதானது. இருந்தாலும் ஜார்ஜ் டவுன் மாதிரி நெருக்கமான தெருக்களில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் தூரக் கணக்கு பிசகும். லிங்கி செட்டித் தெருவில் நிற்பவரின் நீலப் புள்ளி தம்பு செட்டித் தெருவுக்குத் தாவுவது அதனால்தான்.

சரி, ஜிபிஎஸ்ஸைப் பின்பற்றும்போது மூளை என்ன செய்கிறது? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழு இதை நேரடியாகப் பார்த்து 2017இல் வெளியிட்டது. 24 பேரை லண்டன் சோஹோ பகுதியில் நடக்கவிட்டு தெருக்களைப் பழக்கினார்கள், பிறகு ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அதே தெருக்களின் வீடியோவைக் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தானாக வழி தேடியவர் ஒரு புதிய தெருவுக்குள் நுழையும்போது, அங்கிருந்து எத்தனை தெரு பிரிகிறதோ அதற்கேற்ப ஹிப்போகேம்பஸ் துடிப்பு ஏறியது. சாட்-நாவ், அதாவது ஜிபிஎஸ் வழிகாட்டி, சொல்லச் சொல்லத் திரும்பும்போது அந்த ஏற்றம் இல்லவே இல்லை. மின்ட் சந்திப்பில் நின்று இந்தப் பக்கம் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் போனால் பேசின் பிரிட்ஜ் என்று நீங்கள் மனதுக்குள் விரித்துப் பார்க்கிறீர்களே, அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் மையமே இதுதான். சந்திப்பில் நின்று முடிவெடுப்பவருக்குத்தான் ஊர் பதிகிறது. கண்ணால் பார்த்துக்கொண்டே போவது போதாது, “இப்படியா, அப்படியா” என்ற அந்த ஒரு நொடி வேண்டும்.

அதே லண்டனில் டாக்ஸி ஓட்டுநர்கள் ஜிபிஎஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு நேர் எதிர் முனை. நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினால்தான் லைசென்ஸ். அதற்கே மூன்று, நான்கு வருடம் ஆகும். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக எலனோர் மக்வயர் என்ற ஆய்வாளர் 2000இல் காட்டினார். பிறகு பஸ் ஓட்டுநர்களோடும் ஒப்பிட்டார். அதே ஊர், அதே நெரிசல், ஆனால் பஸ்ஸுக்கு ரூட் முன்பே போட்டது. அந்த வளர்ச்சி டாக்ஸி ஓட்டுநர்களிடம்தான் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த மீன்பாடி வண்டிக்காரர்தான் ஞாபகம் வந்தார்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. ஜிபிஎஸ்ஸால் திசையறிவு குறைகிறதா, அல்லது திசை தெரியாதவர்கள்தான் ஜிபிஎஸ்ஸை அதிகம் பிடித்துக்கொள்கிறார்களா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோவும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. வழக்கமாக வண்டி ஓட்டும் 50 பேரைச் சோதித்ததில், வாழ்நாளில் அதிகம் ஜிபிஎஸ் பயன்படுத்தியவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்கும்போது இட நினைவு குறைவாக இருந்தது. அவர்களில் 13 பேரை மூன்று ஆண்டு கழித்து மறுபடி சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தியவர்களுக்குச் சரிவும் அதிகம். தங்களுக்குத் திசை தெரியாது என்று நினைத்ததால்தான் அதிகம் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. “ஜிபிஎஸ் மூளையைச் சுருக்குகிறது” என்று தலைப்புப் போடுகிறவர்களை நம்பாதீர்கள், அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

வளர்ந்த இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்ற மொபைல் விளையாட்டு மூலம் 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேரின் வழி தேடும் திறனை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. பொதுவாக, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். சிகாகோ போலக் கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்களில் வளர்ந்தவர்கள் ஒழுங்கற்ற பாதைகளில் அதிகம் தடுமாறினார்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு சந்துகளில் ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளுக்கு, முட்டுச் சந்தும் வளைவும் குறுக்குச் சந்துமாக, அந்தப் பயிற்சி சும்மாவே கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நம் மொழியிலேயே திசை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. தமிழ் நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்குக் கடலுக்குச் சரிவதை அப்படியே சொல்லாக்கிவிட்டார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். கிராமத்தில் “கொஞ்சம் வடக்கால தள்ளி வை” என்பார்கள், நகரத்தில் “லெப்ட்ல தள்ளி வை” என்போம். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதையே ஆராய்ந்தார்: கிராமத்துத் தமிழர்கள் திசையை வைத்துப் பேசினார்கள், நகரத்துத் தமிழர்கள் இடது வலதை வைத்துப் பேசினார்கள்.

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அதிகாலை.]

ஜிபிஎஸ்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விசைப்படகுக்காரர், மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கெங்கே என்று ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் போட்டு வைத்திருக்கிறார். அது அவருக்குச் சொத்து. ஆனால் கிளம்பும்போது காற்றைப் பார்க்கிறார், நீரோட்டத்தைப் பார்க்கிறார், கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வருவதைப் பார்க்கிறார், அப்புறம்தான் திரையைப் பார்க்கிறார். அந்த வரிசையை நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

இப்போது கிளம்பும் முன் வரைபடத்தை முழுதாகப் பார்க்கிறேன், வடக்கு மேலே இருக்கும்படி. நாம் திரும்பத் திரும்பத் தானும் சுழலும் வரைபடத்தில் ஊர் மனதில் உட்காராது. எந்தப் பெரிய சாலைகளைத் தாண்ட வேண்டும் என்று பார்த்துவிட்டு போனைப் பையில் போட்டுவிடுவேன். தவறினால் ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்ப்பேன். மழை நாளில், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று தெரியாதபோது, அல்லது யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம், போன் சொல்வதைக் கேளுங்கள்.

[காட்சி: வெள்ளைத்தாள், பென்சில். மேலிருந்து.]

ஜப்பானில் டோரு இஷிகாவா குழு 2008இல் செய்த சோதனையில், ஜிபிஎஸ் பிடித்து நடந்தவர்களையும், ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டப்பட்டவர்களையும் பிறகு பாதையை வரையச் சொன்னார்கள். ஜிபிஎஸ்காரர்கள் வரைந்தது அவ்வளவு சரியாக இல்லை. நானும் எங்கள் பகுதியை வரைந்து பார்த்தேன். பள்ளிக்கு சைக்கிளில் போன வழி தாளில் நிரம்பி வழிந்தது: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், பஞ்சர் கடை, கேட் போட்டிருக்கும்போது நாங்கள் ஐஸ் வாங்கிய இடம், தண்ணீர் லாரி நிற்கும் மூலை. கடந்த ஐந்து வருடமாக போனை வைத்துக்கொண்டு வாரம் இருமுறை போகும் கொடுங்கையூர் வழியில் ஒரு கோடும், கடைசியில் நண்பன் வீடும் மட்டும்தான் இருந்தன.

இது இரண்டு மாதம் கழித்து வரைந்த தாள். மூலக்கடை வந்துவிட்டது, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வந்துவிட்டது. கால்வாய் எங்கே குறுக்கிடுகிறது என்று தெரிந்துவிட்டது, ஆனால் இங்கே, இந்த மூலையில், இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன்.