மனசு மட்டும் போதுமா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைக் காக்க முதலில் வேண்டியது தொண்டுள்ளமா, தொழில்திறமா?' இதுதான் தலைப்பு. தொழில்திறமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, "பெத்த மனசு மாதிரி ஒரு மனசு இருந்தால் போதும், படிப்பும் பயிற்சியும் எதற்கு?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். ஆனால் அந்த மனசு 1874-இல் என்ன பாடு பட்டது என்பதை அவர் சொல்லவில்லையே!

நியூயார்க்கில் எட்டா வீலர் என்றொரு அம்மையார், வளர்ப்பு வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை மீட்க அலையாய் அலைந்தார். சட்டம் தெரிந்தவர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் அவர் போய் நின்ற இடம் எது தெரியுமா? விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்க்கின் வாசல். குதிரைக்குச் சங்கம் இருந்தது, குழந்தைக்கு இல்லை. பெர்க்கின் உதவியால் வழக்கு நீதிமன்றம் போய், சிறுமி மீண்டாள். அதற்குப் பிறகுதான் குழந்தைகளுக்கென்றே அந்த ஊரில் ஒரு சங்கம் பிறந்தது. வீலருக்கு மனசு குறைவா, ஐயா?

சரி, பழைய கதை வேண்டாம். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் உங்களிடம் வருகிறாள். நகத்தைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணு சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். நல்ல மனசுக்காரர் என்ன செய்வார்? உருகிப்போய்ச் சத்தியம் பண்ணிவிடுவார். அவ்வளவுதான், சிக்கிக்கொண்டார். பேசாமல் இருந்தால் ஆபத்து தொடரும். வெளியே சொன்னால், அவள் நம்பிய ஒரே பெரியவரும் பொய்யர் ஆகிவிடுவார். பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள்: "அந்தச் சத்தியத்தை மட்டும் என்னால பண்ண முடியாதும்மா. உனக்கு ஆபத்துன்னா, உதவக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். ஆனா யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்."

அப்புறம் கேள்வி கேட்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. "மாமாதானே அடிச்சார்?" என்று பாசத்தில் எடுத்துக்கொடுத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். "என்ன நடந்தது?", "அப்புறம்?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவள் சொன்ன சொல்லை அப்படியே, நம்முடைய சொல் கலக்காமல், அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் பாசத்தோடு சேர்ந்து தானாக வந்துவிடுமா?

இனி, எதிரணிக்குக் கொஞ்சம் கசக்கும். 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆலோசகர், வீட்டுக்கு வருகை, படிப்பு உதவி, கோடை முகாம் என்று ஆண்டுக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார். உதவி பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், "அது எங்களுக்கு நல்லது செய்தது" என்றார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால், குடி, மறுபடியும் குற்றம், சீக்கிரச் சாவு எல்லாம் அவர்களிடத்தில்தான் கூடுதல்! 1978-இல் அதை அவர் வெளியிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போன பையன்களுக்குத்தான் கெடுதல் அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. வம்பில் மாட்டிய பையன்களை ஒரே இடத்தில் கூட்டினால், ஒருவன் சேட்டைக்கு இன்னொருவன் கைதட்டுவான்.

"அந்த ஆலோசகர்களிலும் படித்தவர்கள் இருந்தார்களே" என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கெடுதல் நடந்தது என்று யாருக்காவது தெரிந்தது எப்படி? அளந்து பார்த்ததால். அந்த அளக்கும் பழக்கம்தான் தொழில்திறம். பையனைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளைக் காட்டி மிரட்டினால் திருந்துவான் என்று நம்பியவர்களும் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி மிரட்டப்பட்ட பிள்ளைகளிடம் குற்றம் கூடித்தான் இருந்தது.

எதிரணி அம்மா ஹவாயின் காவாய் தீவைக் கொண்டுவந்தார். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததும், கடும் சிக்கலில் வளர்ந்தும் தேறியவர்களுக்குப் பக்கத்தில் அக்கறையுள்ள பெரியவர் ஒருவராவது இருந்ததும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரியவர் ஓடிவிடவில்லை, அம்மா. கூடவே இருந்தார். 2002-இல் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர், வழிகாட்டியோடு இணைத்துவிடப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்த உறவுகளிலோ, பிள்ளையின் தன்மதிப்பே சரிந்திருந்தது. ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்ட பிள்ளை. அவனை இன்னொருவரும் கைவிட்டால் என்ன ஆவான்?

நீடித்து நிற்க, மாதச் சம்பளம் வேண்டும். தாங்கக்கூடிய எண்ணிக்கையில் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும். கேட்டதும் பார்த்ததும் நெஞ்சை அழுத்தும்போது இறக்கி வைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும். இவை இல்லாமல் தொண்டரைத் தனியாக அனுப்பி, "மனசு இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்" என்பது அவருக்கும் செய்கிற அநியாயம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. உங்கள் அன்பான தொண்டர் நான்காவது மாதம் வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறார். எங்கள் பக்கத்தில் என்றால், அவர் முன்கூட்டியே சொல்லி, அடுத்து வருபவரைக் கையோடு அழைத்துவந்து அறிமுகம் செய்துவிட்டு விடைபெறுவார். அதற்கு முறை இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார். உங்கள் பக்கத்தில், காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பையனிடம் யார் போய் என்ன சொல்வார்கள்? பதிலோடு வாருங்கள், தம்பி. நன்றி, வணக்கம்.