காலு ஓசிதானே?

(ஊர்ப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "உடம்பைக் கெடுக்கும் பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளக் காரணம் மன உறுதி இல்லாமையா, வாழும் சூழலா?" சூழலே என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, பனிக்குத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற பெரியவங்களே, தாய்மார்களே, வணக்கம். விழாக் கமிட்டிக்கு நன்றி, பொன்னாடைக்கு நன்றி. மத்த வாழ்த்தையெல்லாம் எங்க அணித் தலைவர் சொல்லிட்டாரு. எனக்குக் குடுத்திருக்கிறது பன்னெண்டு நிமிஷம். அதுல எதிரணி அண்ணன் ஒருத்தருக்கே பத்து நிமிஷம் போயிடும் போலிருக்கு.

என்ன சொன்னாரு அண்ணன்? "பீடிக்குக் காசு வேணும், பிராந்திக்குக் காசு வேணும். நடக்கிறதுக்கு யாரு காசு கேட்டா? காலு ஓசி, காத்து ஓசி, காலைச் சூரியன் ஓசி. ஓசியில கிடைக்கிற ஆரோக்கியத்தை விட்டுட்டுக் காசு குடுத்து வியாதி வாங்குறவனுக்கு, சூழல் சூழல்னு தங்கச்சி வக்காலத்து வாங்க வந்திருக்கு"ன்னாரு. விசில் பறந்துச்சு. நானும்தான் கை தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும்ல?

ஆனா அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். காலு ஓசின்னீங்களே, யாரு காலு?

எங்க அடுக்குமாடிக் குடியிருப்புல ஒரு வாட்ச்மேன் அண்ணன் இருக்காரு. ராத்திரி எட்டு மணிக்கு வருவாரு, காலையில எட்டு மணிக்குப் போவாரு. ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு டார்ச், ஒரு விசில், ஒரு கம்பு. மணிக்கொரு தடவை கம்பைத் தட்டிக்கிட்டு நாலு பிளாக்கையும் சுத்தி வரணும். அதே இடத்துல பி பிளாக்ல ஒரு சார். ரிட்டயர் ஆனவரு, தங்கமான மனுஷன். அவரு எடுத்திருக்கிற இன்ஷூரன்ஸ்ல ஒரு திட்டம்: தினம் பத்தாயிரம் அடி நடந்தா அடுத்த வருஷம் பிரீமியத்துல தள்ளுபடி. நடந்ததுக்கு யாரு சாட்சி? கையில கட்டுற வாட்ச். அது எண்ணும். சிங்கப்பூர்ல இருக்கிற மகள் வாங்கி அனுப்பிட்டாங்க.

மொத நாள் சார் நடந்தாரு. மூவாயிரம் அடி. ரெண்டாம் நாள் மூட்டு வலி, ஆயிரம். மூணாம் நாள் "மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னுட்டாரு. மே மாசத்துல! நாலாம் நாள் ராத்திரி காத்து வாங்கக் கீழ வந்தாரு. வாட்ச்மேன் அண்ணன் கம்பைத் தட்டிக்கிட்டு ஒரு சுத்து வந்தாரு. சார் பார்த்தாரு. இன்னொரு சுத்து வந்தாரு. சார் மறுபடி பார்த்தாரு. பார்த்துக்கிட்டே தன் மணிக்கட்டைப் பார்த்தாரு.

"தம்பி, இதைக் கையில கட்டிக்க. காலையில குடுத்துடு."

"எதுக்கு சார்?"

"மணி பார்க்கத்தான்."

மறுநாள் விடிஞ்சா பதினோராயிரத்துச் சொச்சம் அடி! சார் போன்ல வாணவேடிக்கை. "வாழ்த்துகள்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!" சார் சோபாவுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே வாழ்த்தை வாங்கிக்கிட்டாரு.

பின்னாடி டீக்கடைக்கிட்ட நிக்கிற அண்ணனுக்குச் சரியாக் கேட்டிருக்காது, அவருக்காக மறுபடி சொல்றேன். நடந்தது இவரு. வேர்வை இவரு சட்டையில. தள்ளுபடி அவரு பாலிசியில!

நடுவர் சிரிக்கிறாரு. இருங்கய்யா, இன்னும் முடியல. ஒரு மாசம் ஓடுச்சு. சிங்கப்பூர்ல இருந்து போன். அப்பா கணக்கு மகள் போன்லயும் தெரியும்ல? "அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்குப்பா நடக்குறீங்க? அம்மா கதவைச் சாத்திட்டாங்களா?"

அதையாவது சமாளிச்சுட்டாரு. அந்தப் பாழாப்போன வாட்ச் அடியை மட்டுமா எண்ணுது? நாடியை எண்ணுது, தூக்கத்தை எண்ணுது. ஒரு நாள் செய்தி வருது: "நீங்கள் பல வாரங்களாக இரவில் தூங்கவே இல்லை. இதயத் துடிப்பு இயல்பாக இல்லை. மருத்துவரை அணுகவும்." இது வீட்டுக்காரம்மா கண்ணுல பட்டுருச்சு. ஆட்டோவைக் கூப்பிட்டு முழு உடம்பு செக்கப்புக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. சார் நிலைமையை நினைச்சுப் பாருங்க. உண்மையைச் சொன்னா மானம் போகும், சொல்லலைன்னா ரத்தம் போகும்! ரத்தத்தைக் குடுத்தாரு. ஈசிஜி, எக்கோ, எல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல்.

நார்மலாத்தானே இருக்கும்? தூங்காதவன் அவரு இல்லையே! துடிப்பு ஏறினவன் அவரு இல்லையே! எச்சரிக்கை யாருக்கோ வந்தது, செக்கப்புக்கு யாரோ போனாரு. எச்சரிக்கைக்கு உரிய மனுஷன் அன்னிக்கு ராத்திரியும் எட்டு மணிக்கு வந்து கம்பைத் தூக்கிட்டாரு.

இப்ப சொல்றேன் அண்ணே, ஒத்துக்கிறேன், காலு ஓசிதான். வாட்ச்மேன் காலு சாருக்கு ஓசி!

சரி, சிரிச்சாச்சு. இப்ப அந்த வாட்ச்மேன் அண்ணன் கையைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க. வலது கை ரெண்டு விரல் நடுவுல பீடிக்கறை. எதுக்குப் பிடிக்கிறாரு? ராத்திரி மூணு மணிக்குக் கண்ணு சொக்கும். சொக்கினதை எவனாவது போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டா வேலை போச்சு. அதனால பீடி. ஏழு மணிக்கு வீட்டுல சாப்பிட்டது ரெண்டு மணிக்குள்ள கரைஞ்சு போகும். அந்நேரம் திறந்திருக்கிறது பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஒண்ணுதான். அதனால சக்கரை தூக்கலா ஒரு டீ, ஆறிப்போன பஜ்ஜி ரெண்டு. காலையில எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனா ஆஸ்பெட்டாஸ் கூரை. பத்து மணி வெயில்ல ஓடு கொதிக்கும், பக்கத்து வீட்டு மிக்சி அலறும். புரண்டு புரண்டு பார்ப்பாரு. பகல் பன்னெண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும். ஒரு கட்டிங் போட்டாத்தான் நாலு மணி வரைக்கும் கண்ணு மூடும்.

முழிக்கப் பீடி, பசிக்கு பஜ்ஜி, தூங்கக் கட்டிங். இதுல எதை அண்ணே மொதல்ல விடச் சொல்றீங்க? பீடியை விட்டா வேலை போகும். கட்டிங்கை விட்டாத் தூக்கம் போகும். தூக்கம் போனா ரெண்டு கட்டு பீடி கூடும். அவருகிட்ட இருந்த ஒரே நல்ல பழக்கம் நடை. அதையும் பி பிளாக் சார் வாங்கிக்கிட்டாரு.

உடனே கேப்பீங்க, "ஏன், பணக்காரன் குடிக்கலையா?" குடிக்கிறான். ஆனா சனிக்கிழமை ராத்திரி குடிச்சவன் ஞாயித்துக்கிழமை மாரத்தான் ஓடுறான், மத்தியானம் பழம் சாப்பிடுறான், வருஷம் ஒரு தடவை மாஸ்டர் ஹெல்த் செக்கப் பண்றான். பணக்காரன் வீட்டுக் கெட்ட பழக்கம் ஒண்டிக்கட்டை. ஏழை வீட்டுக் கெட்ட பழக்கம் கூட்டுக் குடும்பம். ஒண்ணு உள்ள வந்தா மச்சான், சகலை, ஓரகத்தின்னு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வரும்!

இது நான் மேடைக்காகச் சொல்றதில்ல. இங்கிலாந்துல கிங்ஸ் ஃபண்ட்னு ஒரு அமைப்பு 2012-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. புகை, அளவு மீறின குடி, காய் பழம் சாப்பிடாதது, உடம்பை அசைக்காதது, இந்த நாலையும் சேர்த்து எண்ணினாங்க. 2003-ல மூணோ நாலோ சேர்ந்து இருந்தவங்க நூத்துக்கு 33 பேர். 2008-ல 25 பேர். நல்ல சேதிதானே? ஆனா குறைஞ்சது யாருக்கு? பெரும்பாலும் படிச்சவங்களுக்கு, வசதி உள்ளவங்களுக்கு. எந்தப் படிப்பும் இல்லாதவங்களுக்கு நாலும் சேர்ந்து வர்ற வாய்ப்பு, மேல்படிப்பு படிச்சவங்களை விட 2003-ல மூணு மடங்கு. 2008-ல அஞ்சு மடங்குக்கும் மேல!

அண்ணே, உங்க கட்சிப்படி எல்லாம் மனசுதானே? அஞ்சே வருஷத்துல படிக்காதவனுக்கு மட்டும் மனசு கெட்டுப்போச்சா? ரெண்டு பேரும் பார்த்தது அதே டிவி, அதே சிகரெட் அட்டை, அதே எச்சரிக்கை. அறிவுரை ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல போச்சு. அதைக் கேட்டு நடக்கிற வசதி ஒரு வீட்லதான் இருந்துச்சு.

சரி, அது வெள்ளைக்காரன் கணக்கு. நம்ம விழுப்புரம், திருவண்ணாமலைக்கு வாங்க. 54 கிராமம், 464 கரும்பு விவசாயிங்க. அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, அறுவடை முடிஞ்சு ஒரு தடவை, மூளைக்குப் பரீட்சை வச்சாங்க. 2013-ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. அறுவடைக்கு முன்னாடி கையில காசில்லை, நகை அடகுல. அப்ப மார்க் கம்மி. கரும்பு வெட்டிப் பணம் வந்த பிறகு அதே ஆளுங்க நல்லா எழுதினாங்க. மன அடக்கத்துக்கு வச்ச சோதனையும் அதுல ஒண்ணு. அதே மனுஷன்! அதே மனசு! பர்சு கனத்தா மனசும் நிக்குது, பர்சு காலியானா மனசும் தடுமாறுது. மன உறுதின்னு எதிரணி கொண்டாடுதே, அது கரும்பு பில் வந்த பிறகுதான் வருது நடுவர் அவர்களே.

காய் பழம் சாப்பிடச் சொன்னாரு அண்ணன். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம்ங்குது. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு கிலோ அறுநூறு கிராம். விலையை அண்ணன்கிட்ட கேக்காதீங்க, அண்ணி வந்திருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்க.

உக்காந்தே இருந்தா வியாதி வரும்னாரு. ஜவுளிக்கடையில நமக்குச் சேலை எடுத்துப் போடுதே அந்தப் பொண்ணுங்க, அதுங்க உக்கார்றதுக்கு 2021-ல சட்டசபையில ஒரு சட்டமே போட வேண்டியிருந்துச்சு. நாள் முழுக்க நின்னுட்டு கால் வீங்கி வீட்டுக்குப் போற பொண்ணுகிட்ட போய், "அம்மா, நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை"ன்னு சொல்லிப் பாருங்க அண்ணே. தனியாப் போகாதீங்க, நானும் கூட வர்றேன், அந்தச் சிரிப்பை நான் பார்க்கணும்.

முதல் மணி அடிச்சிட்டீங்க ஐயா. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன். இதைப் பேசணும்னு வரல. அண்ணன் "காசு குடுத்து வியாதி வாங்குறவன்"னாரு பாருங்க, அந்த வார்த்தைதான் பேச வைக்குது.

எங்க அப்பா மண்டியில சுமை தூக்கினாரு. அப்பல்லாம் சக்கரை மூட்டை நூறு கிலோ. மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. லாரி எப்ப வருதோ அப்பதான் வேலை, சோத்து நேரத்துக்கு லாரி காத்திருக்காது. அதனால வாயில எப்பவும் பொயிலை. அது பசியை அமத்தும். "பொயிலையைத் துப்புனாத்தான் பசிக்குது, பசிச்சா மூட்டை ஏற மாட்டேங்குது"ம்பாரு. ராத்திரி தோள் ரெண்டும் காந்தும். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாங்க. எண்ணெய் எத்தனை நாளைக்குக் கேக்கும்? அப்புறம் அவரே வேற மருந்து கண்டுபிடிச்சாரு. அது எந்தக் கடையில விக்கும்னு உங்களுக்கே தெரியும்.

வாயில புண்ணு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் ஒரு தாளை எடுத்தாரு. "புகை உண்டா?" உண்டு. "மது?" உண்டு. "புகையிலை?" உண்டு. மூணு கட்டத்துலயும் மூணு டிக். டாக்டரைக் குத்தம் சொல்லல, அந்தத் தாள்ல இருக்கிறதைத்தானே அவரு கேக்க முடியும்? அப்பா ஒண்ணும் பேசல. தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. தோள்ல மூட்டை உரசி உரசித் தோல் காய்ப்புக் காய்ச்சிருந்துச்சு. அந்தச் சட்டையைக் கழட்டச் சொல்லி யாரும் கேக்கல.

சாவு வீட்டுல சொந்தக்காரங்க பேசிக்கிட்டாங்க, "அவனா தேடிக்கிட்டான்"னு. எங்கம்மா மூலையில உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு வந்து கேட்டாங்க: "அவரு தூக்குன மூட்டையில ஒரு மூட்டை, ஒரே ஒரு மூட்டை, உங்கள்ல யாராவது வாங்கித் தூக்கியிருக்கீங்களா?"

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு, முடிச்சுக்கிறேன். நடுவர் அவர்களே, அந்தத் தாள்ல புகைக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, மதுவுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, பொயிலைக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. மூட்டைக்குக் கட்டம் இல்லை. நீங்க தீர்ப்பு எழுதறப்ப அந்தக் கட்டத்தையும் போட்டு எழுதுங்க. எங்க அணிக்காகக் கேக்கல ஐயா. எங்க அப்பாவுக்காகக் கேக்கிறேன். வணக்கம்.