கீழே வைக்க முடியாத கூழ்

ஒடியற்கூழைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றிவிட்டீர்கள். ஒன்றை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடம் பிறர் சொல்லக் கேட்டு வாயூறியவன் நான். குடித்தது ஒரே ஒரு முறை.

எனக்கு உடன்குடிப் பக்கம். தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவிக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. மஞ்சள் போட்டு அவிப்போம், நார் உரித்துத் தின்போம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் வேறு கதை சொல்வார்கள். கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில் கூழ், அந்தக் கூழில் நண்டு! கூழ் என்றால் மோர் ஊற்றிய கம்பங்கூழை மட்டுமே அறிந்தவனுக்கு இது எப்படிப் பிடிபடும்?

போன வருடம்தான் வாய்த்தது. யாழ்ப்பாணத்தில் நண்பரின் அக்கா வீட்டு முற்றம், பெரிய பானை. மாவை ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை இரண்டு மூன்று முறை வடித்திருந்தார். இல்லாவிட்டால் கசந்து தள்ளுமாம். அரிசி கொஞ்சம், பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி வெந்ததும் மீன் தலை, நண்டு, இறால் விழுந்தன. அப்புறம் அரைத்த செத்தல் மிளகாய், புளி. மாவு கடைசியில்தான். கரைத்து ஊற்றியதும் தண்ணீராய்க் கிடந்த சாறு கண்ணெதிரே தடித்தது.

பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் தந்தார். முதல் வாய் முழுக்க உறைப்பு, காது வரை சுட்டது. பிறகு புளிப்பு, நண்டின் இனிப்பு. பலாக்கொட்டை என்று நம்பிக் கடித்தது நண்டு ஓடு, அதை விடுங்கள். எல்லாம் அடங்கியபின் நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு ஒன்று நின்றது. அட, இது பொங்கலன்று கிழங்கு தின்றபின் வாயில் நிற்கிற அதே கசப்பு!

மூக்கைத் துடைக்கப் பிளாவைக் கீழே வைக்கப் போனேன்.

"வையாதேங்கோ தம்பி, சரிஞ்சுபோம்" என்றார் அக்கா.

ஓலைக்குத் தட்டையான அடி இல்லை. குடித்து முடிக்கும்வரை கையில்தான். அதனால் யாரும் கைப்பேசியைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை. நாலு பேருக்கென்று இதைக் காய்ச்சுவதில்லையாம். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தன, ஊர்க்கதை பேசின.

மூன்றாம் முறை நான் பிளாவை நீட்டியபோது பானையில் மண்டிதான் இருந்தது. அதில்தான் ருசி என்று அக்கா வழித்து ஊற்றினார்.