அச்சகமும் இல்லை, கடையும் இல்லை

நண்பர்களே, ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசப்போவது அவருடைய சானெட்டுகளை, அதாவது பதினான்கு வரிக் கவிதைகளை, கைக்காசு போட்டு வெளியிட்ட தாமஸ் தார்ப்பைப் பற்றி.

லண்டனுக்குப் பக்கத்தில் பார்னெட் என்ற ஊரில் சத்திரம் நடத்தியவரின் மகன் இவர். 1584-இல் ரிச்சர்ட் வாட்கின்ஸ் என்ற புத்தக வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பத்து ஆண்டு கழித்துத்தான் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். முதல் புத்தகம் கொண்டுவர இன்னும் ஆறு ஆண்டு. 1600-இல் வந்த அது, ஆங்கில நாடகாசிரியர் மார்லோ மொழிபெயர்த்த, ரோமானியக் கவிஞர் லூக்கனின் காவியத்தின் முதல் பாகம். சமர்ப்பணம் சக வணிகர் எட்வர்ட் பிளவுண்டுக்கு. அதிலேயே அவரைக் கிண்டலும் அடித்திருக்கிறார்!

தார்ப்புக்கு அச்சகம் இல்லை. 1608-இல் கொஞ்ச காலம் தவிரக் கடையும் இல்லை. அப்புறம் எப்படிப் பிழைத்தார்? எங்கிருந்தாவது கைப்பிரதி பிடிப்பார். சில பென்னி கட்டிக் கம்பெனிப் பதிவேட்டில் எழுதி வைத்தால் உரிமை அவருடையது. பிரான்சிலிருந்து வரும் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் தருவார். கடைக்காரர்கள் விற்றுக் கொடுப்பார்கள். விற்காவிட்டால் நஷ்டம் இவர் தலையில்.

சானெட்டுகளும் இந்த வழியில் வந்தவைதான். 1609 மே 20 அன்று பதிவு செய்தார். ஜார்ஜ் எல்ட் அச்சடித்தார். ஆஸ்ப்ளி, ரைட் என்ற இரண்டு கடைக்காரர்கள் விற்றார்கள். சமர்ப்பணத்தில் 'டபிள்யூ.எச்.' என்று ஒருவரைக் குறிப்பிட்டு, கீழே தன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளை 'டி.டி.' என்று போட்டுக்கொண்டார். அந்த டபிள்யூ.எச். யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை.

கவிஞருக்குத் தெரியாமல் அச்சிட்ட திருடன் என்று தார்ப்பைப் பலர் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய முறையில் ஆசிரியரின் சம்மதம் கட்டாயமே இல்லை. அதோடு, தன் அச்சுப்பிரதிகளில் அத்தனை கறாராக இருந்த நாடகாசிரியர் பென் ஜான்சன் 'செஜானஸ்' நாடகத்துக்குப் பிறகு 'வோல்போனி'யையும் இவரிடமே விட்டிருக்கிறார். திருடன் என்று பெயரெடுத்தவரிடம் இரண்டாம் முறை போவாரா?

சரி, சானெட்டுகளில் லாபம் வந்ததா? வந்த மாதிரித் தெரியவில்லை. ஷேக்ஸ்பியரின் 'வீனஸும் அடோனிஸும்' என்ற நெடுங்கவிதை பதிப்புமேல் பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தபோது, தார்ப் இதை இரண்டாம் முறை அச்சிடவே இல்லை. அடுத்த பதிப்பு 1640-இல், ஜான் பென்சன் என்ற வேறொருவர் கையில், கவிதைகளின் வரிசையெல்லாம் கலைந்து வந்தது. தார்ப் போட்ட பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பவை 13 பிரதிகள்.