எட்டாத ஊரைத் தாங்குவது கால்நடையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"எட்டாத ஊர்களில் வாழ்க்கையைத் தாங்கி நிற்பது கால்நடையா, கருவியா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் கருவிகளுக்காகப் பேசிய நண்பர் ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவையைச் சொன்னார். ஆடு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது என்றார். மேய்க்கப் போகும் பிள்ளை படிப்பை இழக்கிறது என்றார். ஒரு கடுங்குளிரில் மந்தை செத்துவிட்டால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றும் சொல்லிவிட்டு அமர்ந்தார். எல்லாமே பதில் சொல்லத் தகுந்த கேள்விகள்தான்.

முதலில் விமானம். 1928-ல் குளோன்கரி என்ற ஊரிலிருந்து அந்தச் சேவை தொடங்கியது. வானொலியில் மருத்துவரை அழைக்க மின்சாரம் வேண்டுமே, அது இல்லாத வீடுகளுக்காகக் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை ஆல்ஃபிரட் டிரேகர் செய்து கொடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த விமானம் யாரைத் தேடிப் பறந்தது? சுரங்கக்காரர்களும் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலும் அது இறங்கியது, பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கும் மாட்டுப் பண்ணைகளிலும் ஆட்டுப் பண்ணைகளிலும்தான். மாடும் ஆடும் இல்லையென்றால் அந்த வறண்ட நிலத்தில் குடும்பம் நடத்த மனிதருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

ஏர் ஓட்ட முடியாத நிலம் உலகில் ஏராளம். மழை போதாத புல்வெளி, பனி உறையும் சமவெளி, செங்குத்தான மலைச்சரிவு. அங்கே முளைப்பது புல்தான். அந்தப் புல்லை மனித வயிற்றால் செரிக்க முடியாது. அசைபோடும் பிராணியின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் செரித்துக் கொடுக்கின்றன. அப்படித்தான் புல் பாலாகிறது, இறைச்சியாகிறது, கம்பளியாகிறது. மரமே இல்லாத இடத்தில் சாணம் அடுப்பெரிக்கவும் உதவுகிறது. கருவிக்கு எரிபொருளும் உதிரிபாகமும் வெளியூரிலிருந்து வர வேண்டும். பாதை அடைபட்டால் அது நின்றுவிடும். கால்நடையோ அந்த மண்ணையே தின்று வாழ்ந்து, தன் அடுத்த தலைமுறையையும் அங்கேயே ஈன்றுவிடுகிறது.

பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1925-ஐப் பாருங்கள். அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. துறைமுகம் உறைந்து கிடந்தது. அன்றைய விமானங்களை அந்தக் குளிரில் நம்பி அனுப்ப முடியவில்லை. ஏறத்தாழ 20 பனிச்சறுக்கு வண்டிக்காரர்களும் அந்த வண்டிகளை இழுத்த 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிப்பாதையை ஆறு நாட்களுக்குள் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். இன்று நல்ல விமானங்கள் வந்துவிட்டன, சரி. அவை வரும்வரை அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தது யார்?

அடுத்தது ஓய்வு. நண்பர் சொன்னதில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். கறவை மாட்டுக்கு விடுமுறை தெரியாது, உண்மை. செம்மறி ஐந்து மாதம் சுமந்து, சில நேரம் நாம் அசந்து தூங்கும் வேளையிலும் ஈனும். குட்டி தலைகீழாக வந்தால் கையைவிட்டுத் திருப்ப வேண்டும். தாய் செத்துப்போன குட்டி ஒரு பக்கம் கத்தும், குட்டியைப் பறிகொடுத்த தாய் இன்னொரு பக்கம் நிற்கும். செத்த குட்டியின் தோலை எடுத்து அநாதைக் குட்டிக்குப் போர்த்திவிடுவார்கள். தாய் மோந்து பார்க்கும், தன் குட்டியின் வாசம் என்று நம்பி மடியைக் கொடுக்கும். பல நாட்டு மேய்ப்பர்களுக்கு இது கைவந்த பழக்கம். மங்கோலியாவில் கன்றை ஒதுக்கும் ஒட்டகத்தின் முன் உட்கார்ந்து, அது மனம் இளகும்வரை பாடுவார்கள். அழிந்துவிடாமல் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2015-ல் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. இதையெல்லாம் வெறும் பாடு என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? ஓர் உயிரைத் தினமும் உற்றுப் பார்க்கும் வேலை இது. காது தொங்கினால், சாணம் இளகினால், மந்தையில் ஒன்று மட்டும் பின்தங்கினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பார்வை உலகத்துக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். வெக்கை நோய் என்று மாட்டைக் கொல்லும் ஒரு நோய் இருந்தது. 1880-களின் கடைசியிலும் 1890-களிலும் அது ஆப்பிரிக்காவுக்குள் பரவியபோது பல பகுதிகளில் 80 முதல் 90 சதவீத மாடுகள் செத்தன. எத்தியோப்பியாவில் அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தடுப்பூசி பின்னாளில் வந்தது. ஆனால் அது குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்தால் கெட்டுவிடும், கரடுமுரடான ஊர்களுக்கும் சண்டை நடக்கும் இடங்களுக்கும் போய்ச் சேராது. பிறகு வெப்பம் தாங்கும் வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். அதை எடுத்துக்கொண்டு கடைசி மந்தை வரை நடந்தவர்கள் யார்? எத்தியோப்பியாவின் அஃபார், உகாண்டாவின் கரமோஜா, தெற்கு சூடான் போன்ற இடங்களில் அந்தந்த ஊர் மேய்ப்பர்களே ஊசி போடப் பயின்றார்கள். நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற தகவலும் அவர்களிடமிருந்தே வந்தது. 2011-ல் வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. தடுப்பூசி ஒரு கருவி, மறுக்கவில்லை. மாட்டைத் தன் பிள்ளைபோல் அறிந்தவர் கையில் கொடுத்த பிறகுதான் அது கடைசி மைலைத் தாண்டியது.

மேய்க்கும் பிள்ளையின் படிப்புக்கு வருகிறேன். பிள்ளை பள்ளிக்கு வெளியே நிற்பது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்கு ஆட்டைக் குற்றம் சொல்லக் கூடாது. நைஜீரியா 1989-ல் நாடோடி மக்களின் கல்விக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. மந்தையை விற்றுவிட்டு வா என்று சொல்லாமல், மந்தை போகும் திசையில் பாடத்தை அனுப்பும் வழியைத் தேடினார்கள். இன்னும் எட்டாத பிள்ளைகள் ஏராளம் இருக்கிறார்கள் என்பது வேறு, அதற்காக எல்லா அரசுகளிடமும் நாம் சண்டை போட வேண்டும்.

கடைசியாக, மந்தை செத்தால் குடும்பம் சாயும் என்ற வாதம். 2024 குளிர்காலத்தில் மங்கோலியாவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. பனி இறுகிப் புல்லை மூடிவிட்டது. குடும்பங்கள் சாய்ந்தன, ஆமாம். எதிரணி நண்பரே, தூண் உடைந்தால்தானே கூரை சாயும்? நீங்கள் சொன்ன சாட்சியம் என் பக்கத்துக்கே பேசுகிறது. அந்த மக்களுக்கு உதவப் போனவர்கள் பணத்தோடு தீவனத்தையும் கொடுத்தார்கள், மிஞ்சியிருந்த ஆட்டையும் மாட்டையும் வசந்தம் வரை பிழைக்க வைப்பதற்காக. தீர்ப்பு எழுதும்போது அந்தத் தீவன மூட்டைகளை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.