சம்பளச் சீட்டில் அச்சாகாத பிடித்தம்

(இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பணி ஆணை கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படுவது, 'எவ்வளவு சம்பளம்?' என்பதுதான். சிடிசி, அதாவது நிறுவனம் நமக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்றிருந்தால், மாதம் 40,000 கைக்கு வரும் என்று அப்பா கணக்குப் போடுகிறார். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும், பொதுவாக ஐந்தாண்டு நிறைந்தால்தான் கிடைக்கும் பணிக்கொடையும் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும் என்பதை முதல் மாதச் சம்பளச் சீட்டு சொல்லிக்கொடுத்துவிடும். எந்தச் சீட்டிலும் அச்சாகாத இன்னொரு பிடித்தம் இருக்கிறது. அது உங்கள் நேரம்.

சென்னை தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்ட பிறகு, பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரைக்கும் அலுவலகங்கள் எழுந்தன. வேலை அங்கே குவிந்ததே தவிர, வேலை பார்ப்பவர்கள் எல்லோராலும் அங்கே குடியேற முடியவில்லை. பறக்கும் ரயிலோ தரமணி, பெருங்குடியைத் தொட்டுவிட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

நான் பெரம்பூரில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் பணியாற்றினேன். கம்பெனி பஸ் 7:10க்கு வரும். பக்கத்து இருக்கைக்காரர் அடையாறு தாண்டுவதற்குள் தூங்கி என் தோளில் சாய்ந்துவிடுவார். மூன்று ஆண்டுகள் அவருடைய தேங்காய் எண்ணெய்க் கறை என் சட்டைகளில் இருந்தது, அவர் பெயரைத்தான் நான் கேட்டதே இல்லை. ஒன்பது மணிக்கு வாயிலில் அடையாள அட்டையைக் காட்டும்போதுதான் நிறுவனத்தின் கணக்கில் என் நாள் தொடங்கியது. வீட்டின் கணக்கில் நான் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டவன்.

மாலையும் நம்முடையதன்று. நியூயார்க் வாடிக்கையாளருடன் தொலைபேசிக் கூட்டம் அங்கே காலை ஒன்பது மணிக்கு என்றால், கோடையில் இங்கே மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்ததும், அதே கூட்டம் நமக்கு ஏழரைக்குப் போய்விடும். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பது அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? பேசி முடித்து இறங்கினால் முழங்கால் தண்ணீர், கம்பெனி பஸ்ஸும் போயிருக்கும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டி, மிகுநேரத்திற்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களை அது விட்டுவிடுகிறது. சில ஆண்டு அனுபவத்திலேயே 'லீட்', 'மேனேஜர்' என்று பட்டங்கள் தாராளமாக வழங்கப்படுவதை நான் இதனோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம்.

2020இல் ஊரடங்கு வந்து வீட்டிலிருந்தே வேலை என்றானபோது, பயண நேரமாவது திரும்பக் கிடைக்கும் என்று மகிழ்ந்தோம். இரண்டே வாரத்தில் எங்கள் காலைக் கூட்டம் எட்டு மணிக்கு மாறியது. 'இப்போதுதான் பஸ் பிடிக்க வேண்டியதில்லையே' என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான்; அந்தக் காலி நேரம் யாருடையது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை, எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஆகவே, நேர்காணலின் முடிவில் 'ஏதேனும் கேட்க வேண்டுமா?' என்றால், எந்த நாட்டு வாடிக்கையாளருக்கான வேலை என்று கேளுங்கள். அலுவலகம் சென்னையில் என்று சொன்னால் போதாது, கிண்டியா சிறுசேரியா என்று கேளுங்கள். பிறகு வாடகை விசாரியுங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்க மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு மணி நேரப் பயணம் மிச்சமானால், 22 வேலை நாளில் 44 மணி. வகுத்துப் பாருங்கள்: உங்கள் ஒரு மணி நேரத்தை எழுபது ரூபாய்க்கும் குறைவாகத் திரும்ப வாங்குகிறீர்கள்.